ஆராவில் ஒரு புதன்கிழமை

பரிஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ யாராவது வந்து இறங்கினால் சுவிஸில் காட்டுவதற்கென்று எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ரைன் நீர்வீழ்ச்சி, லுசேர்ண் மரப்பாலம், ரிட்லிஸ் பனிமலை. வருகிறவர்களும் அதைத்தான் எதிர்பார்த்து வருகிறார்கள். நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று எடுத்த படம் இல்லாவிட்டால் சுவிஸுக்கு வந்ததற்கே அத்தாட்சி இல்லை. நாங்களும் பத்துப் பன்னிரண்டு தடவை அந்த நீர்வீழ்ச்சிக்குப் போயிருக்கிறோம். ஒருதரமாவது எங்களுக்காகப் போனதில்லை.

கடந்த நவம்பரில் பரிஸிலிருந்து பழைய கூட்டாளி ஒருவன் வந்திருந்தான். எங்கள் றெஸ்ரோறன்ற் புதன்கிழமை பூட்டு. கிழமையில் எங்களுக்கென்று இருக்கிற ஒரே நாள் அதுதான். ரிட்லிஸுக்குப் போவோமென்று எழும்பிப் பார்த்தால் மலைப்பக்கம் முழுவதும் முகில் மூடிக் கிடந்தது. அவ்வளவு காசையும் கேபிள்காருக்குக் கொடுத்து முகிலைப் பார்த்துவிட்டு வருவதா என்று இழுபட்டுக்கொண்டிருந்தபோது பெரியண்ணைதான் சொன்னார்.

"ஆராவுக்குப் போவம்."

எல்லோரும் சிரித்தோம். ஆராவ் ஆர்காவ் மாநிலத்தின் தலைநகரம். நாங்கள் இருக்கிற சோபிங்கனிலிருந்து ஓல்ரனில் ரெயின் மாறினால் அரைமணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஆராவ் என்றால் காகிதம். விசா புதுப்பிக்க, முத்திரை குத்த, மொழிபெயர்த்த பிறப்புச் சாட்சிப்பத்திரம் கொடுக்க என்று மட்டையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு போகிற ஊர். லீவு நாளில் ஆராவுக்குப் போகிறவனை எங்கள் வட்டத்தில் யாரும் கண்டதில்லை.

"நீங்கள் சிரியுங்கோ. எனக்கு அங்க பாக்க வேண்டியது இருக்கு" என்றார் பெரியண்ணை.

அவருக்கு என்ன பார்க்க இருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். தைமாதம் அவருக்குக் குடியியல் சோதனை. சுவிஸ் குடியுரிமை கேட்கிறவர்கள் ஆர்காவில் எழுதவேண்டிய சோதனை. 1991இல் வந்த மனிதர். 1992 முடிவதற்குள் வந்து வழக்கு முடியாமல் இழுபட்ட இலங்கையர் பலருக்கு 2000ஆம் ஆண்டில் மனிதாபிமான நடவடிக்கை என்ற பெயரில் எஃப் பெர்மிற் கொடுத்தார்கள். அப்போது கிடைத்தது அவருக்கு. அதிலிருந்து பி, பிறகு சி. பிள்ளைகள் எப்போதோ சுவிஸ்காரராகிவிட்டார்கள். இவர் மட்டும் "போகத்தானே போறம், எதுக்கு?" என்று சொல்லிச் சொல்லியே இருந்துவிட்டார். 2009க்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயில் நாங்கள் கேட்டதில்லை. இப்போது அறுபதைத் தொடப்போகிற வயதில் குசினி அலுமாரிக்கு மேலே சோதனைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கோப்பை மெஷின் ஓடுகிற இடைவெளியில் மாநில அரசாங்கத்தில் எத்தனை பேர் என்று பாடமாக்குகிறார்.

ஆக நாலு பேர் புறப்பட்டோம். பெரியண்ணை, பரிஸ்காரன், வன்னியான், இதை எழுதுகிறவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கப் போய் இரண்டாம் வருடத்துடன் நின்றுபோனவர் ஒருவர் எங்களுக்குள் உண்டு. அவர் யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. போகப்போகத் தெரியும்.

ஆராவ் ஸ்ரேசனில் இறங்கி வெளியே வந்தால் ஊர் முழுவதும் கரட்!

பகிடியில்லை. நவம்பர் மாதத்து முதலாம் புதன்கிழமை ஆராவில் கரட் சந்தை. 1982இலிருந்து நடக்கிறதாம். முப்பது வருசத்துக்கு மேலாக இந்த மாநிலத்தில் இருக்கிற பெரியண்ணைக்கே தெரியாது. கோட்டை மதிலுக்கு வெளியே முன்பு அகழி இருந்த தெருவில் கடை கடையாக மஞ்சள் கரட், ஊதாக் கரட், வெள்ளைக் கரட், கரட் கேக், கரட் பாண், கரட் சூப். கரட்டை மாலைபோலக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆர்காவை மற்ற மாநிலத்தார் பகிடியாகக் கரட் நாடு என்று சொல்வதுண்டு. கிழமைக்குச் சாக்குக் கணக்கில் கரட் தோல் சீவுகிற நாங்கள், இருக்கிற ஒரு லீவு நாளையும் செலவழித்துக் கரட் பார்க்க வந்து நின்றோம். வன்னியான் ஒரு கடைக்கு முன்னால் நின்று, "அண்ணை, சீவுற கத்தி கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டான். பரிஸ்காரனுக்கு மட்டும் சந்தோசம். ஊதாக் கரட்டில் இரண்டு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான், மனிசிக்குக் காட்டவென்று.

அந்தக் கூட்டத்துக்குள் பெரியண்ணை கரட்டுக்கு இங்கே சொல்கிற சொல்லைச் சொல்லிக் காட்டினார். றுயெப்லி. ஜேர்மன் புத்தகத்தில் இருக்கிற சொல் வேறு. 1991இல் அவர்களை நிலத்துக்குக் கீழே இருந்த ஒரு பாதுகாப்பு பங்கருக்குள் இருத்தியிருந்தார்கள். பகலில் வெளியே வந்து ரோட்டோரம் நிற்பார்களாம். எதிர்வீட்டுக் கிழவி ஒருத்தி ஒருநாள் கூப்பிட்டுக் கோப்பி கொடுத்திருக்கிறாள். பிறகு ஒவ்வொரு நாளும். தோட்டத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுப்பாளாம். அவர் இந்த நாட்டில் படித்த முதல் சொல் றுயெப்லி. மூன்று மாதத்தில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு கிழவியைக் காணவில்லை. இத்தனை வருசம் ஒரே குசினியில் நிற்கிறோம், இந்தக் கதையை அன்றைக்குத்தான் சொன்னார்.

சந்தையைத் தாண்டினால் மேல்வாசல் கோபுரம். கல்லாலான பெரிய கோபுரம், கீழே வாசல், அதற்குள்ளால்தான் பழைய நகரத்துக்குள் போகவேண்டும். அதன் சுவரில் ஒரு சித்திரம், சாவின் நடனம். எலும்புக்கூடாக வந்த சாவு மனிதரோடு ஆடுகிறது. பழைய காலத்துச் சித்திரம் என்று நினைத்தோம், இல்லை. இந்த ஊர்ச் சித்திரகாரர் ஃபீலிக்ஸ் ஹொவ்மன் 1966இல் வரைந்தது. சிறுவர் கதைப் புத்தகங்களுக்குப் படம் போட்டுப் பெயர் எடுத்தவராம். பரிஸ்காரன் எல்லோரையும் அதற்குக் கீழே நிறுத்திப் படம் எடுக்கப் பார்த்தான். வன்னியான் நிற்கமாட்டேன் என்றுவிட்டான். முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவனை யாரும் வற்புறுத்தவில்லை.

உள்ளே போனபிறகுதான் அந்த விசயம் நடந்தது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நாங்களும் பார்த்தோம். வீடுகளின் கூரைகள் தெருப்பக்கமாக நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த நீட்டின் அடிப்பக்கம், நிலத்தைப் பார்க்கிற பக்கம் முழுவதும் சித்திரம்! பூவேலை, கொடிவேலை, சிவப்பு, பச்சை, மஞ்சள். அதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் டாக்ஹிம்மல். கூரைவானம் என்று சொல்லலாம். வடிவான முகடுகளின் நகரம் என்றுதான் ஆராவுக்குப் பெயர். மழையும் வெயிலும் நேரே படாத இடம் என்பதால் வர்ணம் நிற்கிறது. ஆனால் நிமிர்ந்து பார்க்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரன் உள்ளேயிருந்து பார்க்க முடியாது. தெருவில் போகிறவனுக்கென்றே வரைந்து வைத்தது.

பெரியண்ணை தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்தபடி நின்றார்.

"இந்த ரோட்டால எத்தினைதரம் போயிருப்பன். ஒருநாளும் மேல பாக்கேல்லையடாப்பா."

எப்படிப் பார்ப்பது? கையில் கடிதம், கடிதத்தில் நேரம், நேரத்துக்குப் போகாவிட்டால் என்ன நடக்குமோ என்ற பயம். கண் கதவு இலக்கத்தைத்தான் தேடும். நாங்களும் அப்படித்தான் இந்த ஊரைப் பார்த்திருக்கிறோம். 2013இல் திருப்பியனுப்பப்பட்ட தமிழர் கொழும்பில் பிடிபட்ட செய்தி வந்து, சுவிஸ் திருப்பியனுப்புவதைக் கொஞ்சக்காலம் நிறுத்தி வைத்தது. அந்த மாதங்களில் எங்களுக்குக் கழுத்து நிமிர்ந்தே இருக்கவில்லை. தெருக்கல்லின் நிறம் சொல்லுவோம், கூரையைப் பற்றிக் கேட்டால் தெரியாது.

நகரசபைக்குக் கிட்ட வந்ததும் பெரியண்ணை வாத்தியாராகிவிட்டார். "ஆர்காவ் மாநிலம் எப்ப வந்தது? 1803. அதுக்கு முன்னம் ஆற்ற கையில இருந்தது? பேர்ண்காரற்ற கையில. எப்ப பிடிச்சவங்கள்? 1415." எல்லாம் சரி. பிறகு புத்தகத்தில் அவருக்கு மிகவும் பிடித்த பகுதியைச் சொன்னார். 1798இல் பிரெஞ்சுப் படை வந்து பழைய கூட்டமைப்பைக் கவிழ்த்து, ஹெல்வெத்தியக் குடியரசு என்று ஒன்றை அறிவித்தபோது ஆராவைத்தான் தலைநகரமாக்கினார்கள். சுவிஸின் முதலாவது தலைநகரம்! அரசாங்கத்தார் இருக்க வீடு போதாதென்று மதிலுக்கு வெளியே புதுத் தெரு போட்டு வரிசை வீடு கட்டத் தொடங்கினார்கள். நினைத்த அளவு கட்டி முடிவதற்குள் அரசாங்கம் லுசேர்ணுக்கு எழும்பிப் போய்விட்டது. ஏறத்தாழ அரை வருசம்தான்.

"எங்கட கிளிநொச்சி இதைவிடக் கனகாலம் இருந்தது" என்றான் வன்னியான்.

யாரும் சிரிக்கவில்லை. 2009 தை இரண்டாம் திகதி கிளிநொச்சி விழுந்தது. விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியை அப்படியே நினைவுச் சின்னமாக்கி, பக்கத்தில் நினைவுப் பொருள் விற்கிற கடையும் போட்டு, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து அதற்கு முன்னால் நின்று படமெடுத்தார்கள். வன்னியானின் வீடு அந்தத் தாங்கியிலிருந்து அதிக தூரமில்லை. ஊர் பார்க்கப் போவது என்ற விசயத்தில் அவனுக்கு எங்களைவிட வேறு அபிப்பிராயம் இருந்தால் அதில் குறை சொல்ல முடியாது.

ஆறடிக்கு இறங்கிப் பாலத்தில் நின்றோம். ஆரே ஆறு பச்சையாக வேகமாக ஓடியது. குளிர் தாங்கவில்லை. கரட் சூப் குடித்தோம். நல்ல சூப். இஞ்சி கொஞ்சம் கூட.

பின்னேரம் கன்ரோன் பாடசாலைக்குப் போனது எங்கள் வற்புறுத்தலால். பௌதிகம் படித்து விட்டவருக்கு ஆராவில் பார்க்க இருந்தது அது ஒன்றுதான். 1895 ஐப்பசியிலிருந்து அடுத்த வருசம் இலையுதிர்காலம் வரைக்கும் அல்பேர்ட் ஐன்ஸ்ரைன் அங்கே படித்தார். அந்த வளவில் ஒரு கட்டடத்துக்கு அவருடைய பெயர். பெடியளும் பெட்டையளும் முதுகில் பையோடு சைக்கிளில் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். மதிலோரம் நின்று பார்த்தோம்.

ஊரில் கணக்கில் கோட்டைவிட்ட பிள்ளைகளுக்கு வாத்திமார் சொல்லுகிற ஆறுதல், ஐன்ஸ்ரைனும் கணக்கில் ஃபெயில் என்பது. அது பொய். அவர் விட்டது வேறு சோதனை. மியூனிச்சில் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு, இத்தாலிக்குப் போயிருந்த தாய் தகப்பனிடம் ஓடிவந்த பெடியன், பதினாறு வயதில் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுச் சோதனைக்குத் தோற்றினான். கணிதமும் பௌதிகமும் திறம். பிரெஞ்சு முதலான மற்றப் பாடங்களில் கவிழ்ந்தது. நீ ஆராவுக்குப் போய் ஒரு வருசம் படித்து முடித்துவிட்டு வா என்று கல்லூரித் தலைவர் சொல்லி அனுப்பினார். இங்கே ஜோஸ்ட் விண்ரலர் என்ற ஆசிரியரின் வீட்டில் இருத்தினார்கள். ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் எட்டாவது பிள்ளை. அவர்களை அப்பா அம்மா என்றே கூப்பிட்டாராம். அடுத்த வருசச் சான்றிதழில் அட்சரகணிதம், கேத்திரகணிதம், பௌதிகம் எல்லாவற்றிலும் ஆறுக்கு ஆறு. பிரெஞ்சில் மட்டும் மூன்று. ஒளிக்கதிர் ஒன்றுக்குப் பின்னால் அதே வேகத்தில் ஓடினால் அந்த அலை எப்படித் தெரியும் என்று யோசிக்கத் தொடங்கியதும் அந்த வயதில்தான். உறைந்து நிற்கிற அலையாகத் தெரியவேண்டும், ஆனால் மக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் அப்படி ஒன்றுக்கு இடம் கொடுக்காது. அந்த முடிச்சை அவிழ்க்கப் பத்து வருசம் பிடித்தது. 1905இல் பேர்ணில் இருந்து எழுதிய கட்டுரை. 1955இல், இறந்த வருசம், எழுதிய குறிப்பிலும் ஆராவ்ப் பாடசாலையை நன்றியோடு நினைத்தார். ஆசிரியர்கள் அதிகாரத்தைக் காட்டாமல் பிள்ளைகளை யோசிக்க விட்ட இடம் என்று.

மக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை எங்களுக்குத் திருநெல்வேலியில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தார்கள். விரிவுரைக்கு வருகிறவர்களின் தொகை கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டு வந்த காலம். ஒருநாள் எங்களுடைய கதிரையும் வெறுமையாகியது. அந்தக் கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறதாம், அம்மா ரெலிபோனில் சொல்லுவார்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, முக்கியமானதைக் கடைசியில் சொன்னோம். ஆராவில் இருந்தபோதுதான் ஐன்ஸ்ரைன் ஜேர்மன் பிரசாவுரிமையைக் கைவிட்டார். 1896 தை மாதம். மூன்று மார்க் கட்டணம். இராணுவ சேவைக்குப் போக மனமில்லை. அதன் பிறகு ஐந்து வருசம் அவர் நாடில்லாதவர். சூரிச்சில் படிக்கும்போது உறவினர் மாதம் அனுப்பிய நூறு பிராங்கில் இருபதைச் சுவிஸ் குடியுரிமைக்கென்று மிச்சம் பிடித்தார். விண்ணப்பித்து, அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, 1901 மாசியில் கிடைத்தது. உடனே சுவிஸ் இராணுவத்துக்கு வைத்தியப் பரிசோதனை. தட்டைப் பாதம், காலில் நாள வீக்கம், தேவையில்லை என்று விட்டார்கள்.

"நாள வீக்கமோ? அப்ப குசினியில நிண்டிருப்பார்" என்றார் பெரியண்ணை. அவருடைய இரண்டு காலும் அப்படித்தான்.

நாங்கள் உற்சாகத்தில், பார்த்தீர்களா, எங்களைப்போல ஒரு ஆள், அகதி, நாடில்லாதவர் என்று தொடங்கினோம். வன்னியான்தான் மறித்தான்.

"இல்லை மச்சான். உவர் தானாக் கழட்டி எறிஞ்சவர். எங்கட தாத்தாவிட்டப் பறிச்சவங்கள்."

வன்னியானின் தாத்தா மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கை சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் உன் தகப்பனும் இங்கேதான் பிறந்தாரென்று காட்டு என்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு யார் அந்தக் காகிதம் எழுதிக் கொடுத்தது? 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கு போட்டார்கள். ஐந்தே கால் இலட்சம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. தாத்தா அந்தப் பிறகு பார்ப்போம் கணக்குக்குள். 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து தருமபுரத்தில் காடு வெட்டியவர். நாடில்லாதவராகவே செத்துப்போனார். மிச்சமிருந்த எல்லோருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். "நாங்கள் அதுக்குள்ள வன்னியில இருந்தம். எந்த நாடு எண்டு கேக்கவே ஆளில்லை" என்றான்.

அவன் சொன்னது சரி. ஐன்ஸ்ரைன் பங்கருக்குள் படுக்கவில்லை, கைரேகை கொடுக்கவில்லை, மாதம் நூறு பிராங் வந்தது. அவரை எங்கள் ஆளாக்கிக்கொள்வதில் எங்களுக்குத்தான் இலாபம், உண்மைக்கு இல்லை. ஆனாலும் ஒன்று மனதில் நின்றுவிட்டது. சோதனையில் விழுந்த பதினாறு வயதுப் பெடியனுக்கு ஒரு வருசமும் ஒரு வீடும் கொடுத்த ஊர் இது. ஒரேயொரு வருசம். நாங்கள் இந்த மாநிலத்தில் எத்தனை வருசத்தைக் காத்திருந்தே முடித்தோம் என்று எண்ணிப் பார்த்தால்... வேண்டாம், விடுவோம்.

பெரியண்ணை அந்தக் கட்டடத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நானும் போனமுறை விட்டுட்டன். வீட்டில பிள்ளையளுக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கு நாள் தள்ளி வைச்சது எண்டு சொன்னன்."

என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் முப்பது வருசம் கறி வைத்துப் போடாத வெள்ளைக்காரன் எங்கள் ஊரில் இல்லை. கேள்வி விளங்கியதாம். நாலு விடையும் ஒன்றைப்போலத் தெரிந்ததாம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் தன் மகளின் வயதாம். கை நடுங்கியதாம். பரிஸ்காரன்தான் நிலைமையைக் காப்பாற்றினான். "அண்ணை, எனக்குப் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கு. பிரான்சின்ர முதல் தலைநகரம் எதெண்டு கேட்டா எனக்குத் தெரியாது."

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. கரட் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணை பழைய தெருவாலேயே போவோமென்றார். விளக்கு வெளிச்சத்தில் கூரைவானங்கள் அவ்வளவாகத் தெரியவில்லை. என்றாலும் நாலு பேரும் அண்ணாந்தபடிதான் நடந்தோம். வன்னியான் ஒரு கிழவியோடு மோதி மன்னிப்புக் கேட்டான்.

ரெயினில் பெரியண்ணை ரெலிபோனைத் திறந்து கேள்விகளைப் பரிஸ்காரனிடம் கொடுத்தார். ஜேர்மன் தெரியாத அவன் எழுத்துக்கூட்டி வாசிக்க, அவர் திருத்தித் திருத்திப் பதில் சொன்னார். ஏழில் ஆறு சரி. பிறகு ரெலிபோனை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"அந்த மூண்டு மார்க் இப்பத்தைய காசில எவ்வளவு வரும்?"

எங்களுக்குத் தெரியவில்லை.

"தாத்தாவிட்டச் சும்மாதான் எடுத்தவங்கள்" என்றான் வன்னியான், யன்னல் பக்கம் பார்த்தபடி.

ஓல்ரன் வந்துவிட்டது. இறங்கி மாறவேண்டும். ஊதாக் கரட் பையைச் சீற்றிலேயே விட்டுவிட்டு இறங்கப்போன பரிஸ்காரனைக் கூப்பிட்டு நிறுத்தினோம்.